பிரிட்டனில் முயலின் நாள்பட்ட நோய்க்கு இன்சூரன்ஸ் பணம் தொடர்ந்து கிடைக்குமா? பிரீமியம் குறைவான கம்பெனிக்கு மாறலாமா?

கிடைக்கும், ஆனால் பாலிசியின் வகையைப் பொறுத்தது. 'டைம் லிமிட்டட்' என்றால் நோய் தொடங்கிப் பொதுவாக 12 மாதம்தான், அப்புறம் அந்த நோய்க்குப் பணம் வராது. 'மேக்சிமம் பெனிஃபிட்' என்றால் ஒரு நோய்க்கு இவ்வளவு தொகை, தீர்ந்தால் தீர்ந்தது. 'லைஃப்டைம்' பாலிசியில் மட்டும், விடாமல் புதுப்பித்தால், வருடத் தொகை மறுபடி முழுதாகக் கிடைக்கும். பல் சம்பந்தமான நோய் என்றால், வருடம் ஒருமுறை பல் பரிசோதனை செய்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். அதையும் பாருங்கள்.

லண்டனில் எங்கள் முயலுக்கு நான்கு வயதில் கடைவாய்ப் பல் தொல்லை தொடங்கியது. முயலுக்கு ஆயுள் முழுக்கப் பல் வளரும். சரியாகத் தேயாவிட்டால் ஓரம் ஊசிபோல நீண்டு நாக்கைக் கிழிக்கும். ஒருநாள் காலை கொத்தமல்லியை நீட்டினேன். ஓடி வந்து முகர்ந்தாள், ஒரு இலையைக் கவ்வினாள், உடனே கீழே போட்டுவிட்டாள். தாடைக்கடியில் முடி எச்சிலில் நனைந்து ஒட்டியிருந்தது. பாவம், பசி இருந்தும் மெல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஏழெட்டு வாரத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து கொடுத்துப் பல்லை ராவ வேண்டியிருக்கிறது.

முதல் கிளெய்மையே மறுத்துவிட்டார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பு ஒருமுறை இடது கண்ணில் நீர் வடிந்தது மருத்துவக் குறிப்பில் இருந்தது. பல் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்தினாலும் அப்படி வடியும் என்பதால், 'முன்பே இருந்த நோய்' என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. குறிப்புகளை முழுதாக வாங்கிப் படித்தேன். அதே நாளில் 'பற்கள் சீராக உள்ளன' என்றும் எழுதியிருந்தது! கண் சொட்டு மருந்திலேயே சரியானதையும் சேர்த்து டாக்டர் கடிதம் கொடுத்தார். பணம் வந்தது.

உங்களுக்கும் மறுத்தால் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் முடிவான பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் போன்ற நிதிப் புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் சர்வீஸிடம் போகலாம், கட்டணம் இல்லை. கம்பெனி முடிவைச் சொன்ன தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் போய்விடுங்கள்.

அடுத்தடுத்த பில்களை 'தொடரும் சிகிச்சை' என்று குறித்து அனுப்புங்கள். புது நோய் என்று பதிவானால் எக்ஸஸ் தொகையை, அதாவது பில்லில் நாமே கட்ட வேண்டிய பங்கை, மறுபடி பிடிப்பார்கள்.

கம்பெனி மாறுவதை மட்டும் இப்போது செய்யவே செய்யாதீர்கள். புதிய இடத்தில் இந்த நோய் முதல் நாளிலேயே 'முன்பே இருந்தது' ஆகிவிடும்.