ரெண்டு கிளாஸ்தான் டாக்டர், அதுக்குப் பேரு குடியா?

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயசு, பினாங்கு. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, மாசத்துக்கு ரெண்டு தடவை வருவாரு, மகன் யூனிவர்சிட்டி ஹாஸ்டல்ல. கோவிட் ஊரடங்கு (எம்சிஓ) நேரத்துல தனியா இருக்கோமேன்னு ராத்திரி ஒரு கிளாஸ் ஒயின் குடிக்க ஆரம்பிச்சேன், இப்ப தினமும் ரெண்டு கிளாஸ், ஒரு பாட்டில் ரெண்டு நாளைக்கு வரும். வெள்ளிக்கிழமை ஃபிரண்ட்ஸ் கூட போனா கொஞ்சம் கூட. எங்கப்பா கெடா பக்கம் தோட்டத்துல சம்சு சாராயம் குடிச்சே செத்தவரு, நான் அப்படி இல்ல, வேலைக்கு ஒரு நாள் லேட்டா போனதில்ல. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்து பால்குடம் எடுத்தேன், ஒரு சொட்டு தொடல. ஆனா கோயில்ல இருந்து வீட்டுக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே திறந்துட்டேன். காலி பாட்டிலைப் பேப்பர்ல சுத்தி பக்கத்து பிளாக் குப்பைத்தொட்டியில போடுறேன். தூக்கத்துக்காகத்தான் குடிக்கிறேன், ஆனா மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, உடம்பெல்லாம் வேர்க்குது. பிரஷர் மாத்திரை அஞ்சு மில்லிகிராம்ல இருந்து பத்துக்கு ஏத்திட்டாங்க. நான் குடிகாரியா? முழுசா விடணுமா, குறைச்சா போதுமா? டாக்டர்கிட்ட சொன்னா கம்பெனிக்குத் தெரிஞ்சிருமா?

பதில்: குடிகாரியாங்கிற கேள்வியை முதல்ல கொஞ்சம் ஓரமா வைங்கம்மா. அந்த வார்த்தைக்கு நம்ம மனசுல ஒரு படம் இருக்கு, தோட்டத்து லயத்து வாசல்ல வேட்டி அவுந்து கிடக்கிற ஆம்பளை, அந்தப் படத்தோட நம்மள ஒப்பிட்டா யாருமே பாஸ்தான். உங்கப்பா காலத்துல தோட்டத்துக்குள்ள கள்ளுக்கடை, அப்புறம் மலிவு விலை சம்சு, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வருஷக்கணக்கா அதை எதிர்த்துக் கத்துச்சு, அது ஒரு கதை. உங்க கதை வேற, ஆனா லிவருக்குள்ள போறது ரெண்டுலயும் ஒரே சாமான்தான். லிவருக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

இப்ப ஒரு வேலை செய்யுங்க. சமையலறையில ரைஸ் குக்கர் கூட வந்த அரிசி கப் இருக்கும்ல, அது 180 மில்லி. நீங்க வழக்கமா ஊத்துற கிளாஸ்ல வழக்கமா ஊத்துற அளவுக்கு வெறும் தண்ணி ஊத்துங்க, அதை அந்த கப்ல கவுத்துப் பாருங்க. 750 மில்லி பாட்டில் ரெண்டு நாள், நாளைக்கு ரெண்டு கிளாஸ்னா கணக்குப்படி கப் நிரம்பி வழியணும். 13, 13.5 விழுக்காடு ஒயின்ல அந்த ஒரு கப்லயே கிட்டத்தட்ட 19 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கு. நாங்க ஒரு டிரிங்க்னு கணக்கு வைக்கிறது 10 கிராம். அப்ப நீங்க ரெண்டு கிளாஸ்னு சொல்றது எங்க கணக்குல நாலு. பொய் சொல்றீங்கன்னு சொல்லல, கண்ணாடி கிளாஸ் பெருசா இருக்கறதால எல்லாருக்குமே இது நடக்குது, என் தங்கச்சி வீட்லயே அளந்து காட்டி சண்டை வந்திருக்கு.

பொம்பளைங்களுக்கு ஏன் தனிக் கணக்குன்னு கேப்பாங்க. ஆம்பளை உடம்புல சுமார் 60 விழுக்காடு தண்ணி, நம்ம உடம்புல சுமார் 50, ஆல்கஹால் கலக்குறது அந்தத் தண்ணியிலதான், அதனால அதே அளவு குடிச்சாலும் நமக்கு ரத்தத்துல கூடுதலா ஏறும். வயித்துலயே கொஞ்சம் ஆல்கஹாலை உடைக்கிற என்சைமும் நமக்குக் கம்மி. வயசு ஏற ஏற உடம்புத் தண்ணி இன்னும் குறையும், அதான் முப்பதுல தாங்குனது நாப்பத்தேழுல தாங்க மாட்டேங்குது. பொம்பளைக்கு நாளைக்கு 20 கிராமுக்கு மேல போனாலே உலக சுகாதார நிறுவனம் நடுத்தர ஆபத்துன்னு வைக்குது, 40 தாண்டுனா அதிக ஆபத்து. நீங்க தினமும் அந்த நாப்பது வாசப்படியில நிக்கிறீங்க, வெள்ளிக்கிழமை உள்ளயே போயிடுறீங்க. லிவர் கெட்டுப்போறதும் பொம்பளைங்களுக்கு கம்மி அளவுலயே, கம்மி வருஷத்துலயே நடக்கும். மார்பகப் புற்றுநோய் பத்தியும் சொல்லணும், ஏன்னா இதை யாரும் ஒயின் பாட்டில்ல எழுதுறதில்ல: நாளைக்கு ஒவ்வொரு 10 கிராமுக்கும் அந்த ஆபத்து சுமார் 7 விழுக்காடு ஏறுது. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஆல்கஹாலை புற்றுநோய் உண்டாக்குதுன்னு உறுதியான முதல் பிரிவுல 1988லயே சேர்த்துருச்சு. மம்மோகிராம் எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு? சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதுன்னு வாட்சப்ல சுத்துறதை விடுங்க, அதுக்காக யாரையும் நான் குடிக்கச் சொல்ல மாட்டேன்.

சரி, மூணு மணி முழிப்புக்கு வர்றேன், உங்க கடிதத்துல எனக்கு முக்கியமாப் பட்டது அதுதான். லிவர் மணிக்கு ஏழுல இருந்து பத்து கிராம் வரைக்கும்தான் கழிக்கும். பத்து மணிக்குள்ள 40 கிராம் உள்ள போனா அது தீர்ற நேரம் எப்ப, நீங்க அக்கவுண்ட்ஸ்தானே, போட்டுப் பாருங்க. ரெண்டரை, மூணு. அதுவரைக்கும் அமுக்கி வச்சிருந்த மூளை அந்த நேரத்துல எகிறி எழுந்திரிக்கும், நெஞ்சு படபடங்கும், வேர்க்கும். ஒயின் தூங்க வைக்குதுங்கிறது முதல் பாதி ராத்திரிக்கு நிஜம்தான், ரெண்டாவது பாதியில கொடுத்ததை வட்டியோட வாங்கிரும்.

இன்னொன்னு, 47 வயசு. மாதவிடாய் முன்ன பின்ன வருதா? நீங்க எழுதல, நானும் ஊகிக்கத்தான் முடியும், ஆனா இந்த வயசுல ராத்திரி வேர்வை, தூக்கம் கலையிறது, காரணமில்லாம எரிச்சல் இதெல்லாம் மெனோபாஸ் நெருங்குற அடையாளமாவும் இருக்கும். நிறைய பேர் அந்தத் தூக்கமின்மைக்கு ஒயினை மருந்தா எடுக்குறாங்க, பலருக்கு ஒயின் அந்தச் சூட்டையும் வேர்வையையும் இன்னும் கிளப்பி விடுது, அப்புறம் இன்னொரு கிளாஸ். விரதத்துல தூக்கம் எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க. ரெண்டாவது வாரத்துல இருந்து நல்லாத் தூங்கியிருந்தீங்கன்னா, முருகன் அருள்னு நீங்க சொன்னா நான் மறுக்கல, ஆனா ஒயின் இல்லாததும் ஒரு காரணம். அப்படியும் வேர்வை நிக்கலன்னா அது மெனோபாஸ் பக்கம், அதுக்கு வைத்தியம் தனியா இருக்கு, கேளுங்க.

பிரஷரும் அப்படித்தான். ஆல்கஹால் பிரஷரை ஏத்தும். உங்க டாக்டர் அஞ்சைப் பத்தாக்குனப்ப நீங்க குடிக்கிறது அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சிருக்காது. இதுல உங்களை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன், எங்க தப்பும் இருக்கு. ஆம்பளை வந்தா தண்ணி போடுவீங்களான்னு பட்டுனு கேப்போம், புடவை கட்டி பொட்டு வச்சு ஒரு அம்மா வந்தா கேக்கவே மாட்டோம். ரிட்டயர் ஆன ஒரு டீச்சருக்கு ரெண்டு வருஷம் காஸ்ட்ரிக் மாத்திரையே எழுதிக் கொடுத்துட்டு இருந்தேன், ஒரு நாள் மகள் கூட வந்து, டாக்டர் அம்மா அலமாரியில பிராந்தி பாட்டில் இருக்குன்னு அழுதப்பதான் எனக்கு உறைச்சது. அந்தம்மா சொன்னாங்க, பிள்ளை பெத்த உடம்புக்கு நல்லதுன்னு மாமியார் கொடுத்துப் பழக்குனதாம். அன்னில இருந்து யார் வந்தாலும் கேக்குறேன். அதே மாதிரி சீன மருந்துக்கடை டானிக் ஒயின், உடம்பு வலிக்குன்னு ஒரு மூடி ரெண்டு மூடி, அதையும் கணக்குல சேர்த்துச் சொல்லணும்.

விரதம் பத்தி பெருமையா எழுதியிருந்தீங்க, பெருமைப்படலாம், தண்ணீர்மலைக் கோயில்ல 513 படி ஏறி பால்குடம் எடுத்திருக்கீங்க. டாக்டரா எனக்கு அதுல ஒரு நல்ல சேதி இருக்கு: 48 நாள் நிறுத்துனப்ப கை நடுங்குனதா, வாந்தி எடுத்ததா, வலிப்பு வந்ததா நீங்க எழுதல, அப்படி எதுவும் இல்லைன்னா உடம்பு இன்னும் அதுக்கு முழுசா அடிமையாகல. ஆனா விரதம் முடிஞ்ச அன்னிக்கே திறந்தேன்னு நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, அதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். 48 நாளும் முருகன் பேரைச் சொல்லி நிறுத்துனீங்க, 49ஆவது நாளுக்கு யார் பேரும் இல்ல. அப்பாவுக்கு இருந்திருக்குன்னா அதையும் சேர்த்துப் பாக்கணும், இந்தப் போக்குல ஏறக்குறைய பாதி பரம்பரை வழி வர்றது. விதின்னு சொல்லல, சக்கரை வியாதிக்காரர் பிள்ளை லட்டு சாப்பிடுறப்ப யோசிக்கிற மாதிரி யோசிக்கணும், அவ்ளோதான்.

இதை வாசிக்கிற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை இங்கயே சொல்லிடுறேன். காலையில எழுந்ததும் கை நடுங்கி ஒரு வாய் குடிச்சாத்தான் அடங்குதுன்னா, நாள் முழுக்க குடிக்கிறீங்கன்னா, வீம்புக்கு இன்னியோட நிறுத்துறேன்னு வீட்ல உக்காராதீங்க. நிறுத்துன ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், மூணு நாலு நாள்ல புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், உயிரே போகும். ஆஸ்பத்திரியில மாத்திரை, வைட்டமின் பி1 எல்லாம் கொடுத்து பாத்து இறக்குவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு குறைக்கிற பேச்சே கிடையாது, ஒரு சொட்டும் வேணாம்.

உங்களுக்கு என் யோசனை, நாலு வாரம் முழுசா நிறுத்திப் பாருங்க, அப்புறம் குறைச்சு வச்சுக்கலாமா விட்டுடலாமான்னு முடிவு பண்ணலாம். ஏன் முதல்லயே குறைக்கச் சொல்லலைன்னா, தினமும் ராத்திரி உக்காந்து இன்னிக்கு ஒண்ணா ரெண்டான்னு மனசோட பேரம் பேசுறதை விட இல்லைன்னு சொல்றது பலருக்கு லேசா இருக்கு. வீட்ல பாட்டில் வைக்காதீங்க, இதுதான் பாதி வேலை. உங்க ஆபத்தான நேரம் ஒன்பதரைல இருந்து பத்தரை, பாத்திரம் கழுவி சிங்க் தொடச்சு வீடு அமைதியானதும் வர்ற அந்த ஒரு மணி நேரம். ஆசை அலை மாதிரி, ஏறும், கால் மணி அரை மணியில இறங்கிடும், அந்த நேரம் கையில ஏதாவது இருக்கணும். அதே ஒயின் கிளாஸ்ல ஐஸ் போட்டு எலுமிச்சை பிழிஞ்சு ஒரு அசாம்போய் (புளிப்பு உலர் பிளம்) போடுங்க, சீனி வேணாம், இல்லைன்னா சூடா சீரகத் தண்ணி. ஜாதிக்காய் ஜூஸ் நம்ம ஊர் விசேஷம்தான் ஆனா கடையில விக்கிறது சீனி பாகு, அது வேணாம். மகனுக்கோ வீட்டுக்காரருக்கோ அந்த நேரத்துல ஒரு வீடியோ கால் போடுங்க. முதல் வாரம் தூக்கம் மோசமாத்தான் இருக்கும், அதுக்குப் பயந்து திரும்பிடாதீங்க. வெள்ளிக்கிழமை கூட்டத்துல மாத்திரை சாப்பிடுறேன்னு சொல்லுங்க, பொய் இல்லையே, பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்கல்ல. அப்படியும் குடிச்சீங்கன்னா வண்டி ஓட்டாதீங்க, கிராப் டாக்ஸி எடுங்க, 2020ல சட்டத்தை மாத்தி ரத்தத்துல ஆல்கஹால் அளவை 100 மில்லிக்கு 80 மில்லிகிராம்ல இருந்து 50க்கு இறக்கிட்டாங்க, மாட்டுனா முதல் தடவையே அபராதம் 10,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) குறையாது, ஜெயிலும் உண்டு.

நாலு வாரம் முடியலன்னா, ரெண்டாவது வாரமே உடைஞ்சிருச்சுன்னா, அது வெக்கப்படுற விஷயம் இல்ல, எனக்கு அது ஒரு டெஸ்ட் ரிசல்ட் மாதிரி. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் மாதிரி மாத்திரைகள் இருக்கு, லிவர் பாத்து டாக்டர்தான் எழுதணும். பேசணும்னு தோணுனா ஹீல் லைன் 15555, அரசாங்கத்தோடது.

கம்பெனிக்குத் தெரியுமான்னு கேட்டீங்க. நோயாளி சொல்றதை டாக்டர் வெளிய சொல்லக் கூடாது, அது எங்க கடமை. ஆனா பேனல் கிளினிக்னா, அதாவது கம்பெனி பில் கட்டுற கிளினிக்னா, பில்லுல நோயோட பேரு எழுதி அனுப்புறது உண்டு, அந்த பயம் இருந்தா பேனலுக்குப் போகாதீங்க, அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, ஒரு வெள்ளிதான். கவுண்டர்ல தூக்கம் வரலைன்னு மட்டும் சொல்லுங்க, பத்து பேர் முன்னாடி வேற எதுவும் சொல்ல வேணாம். உள்ள போய் கதவு சாத்தினதும், தினமும் ரெண்டு கிளாஸ்னு சொல்லாதீங்க, ரெண்டு நாளைக்கு ஒரு பாட்டில்னு சொல்லுங்க. லிவர் டெஸ்ட்ல ஜிஜிடிங்கிற லிவர் என்சைமையும் சேர்த்துப் பாக்கச் சொல்லுங்க, பிரஷரை வீட்லயும் எழுதி வச்சு அந்த நோட்டைக் காட்டுங்க. குடி நின்னதும் பிரஷர் இறங்கலாம், தலை சுத்துற மாதிரி இருந்தா உடனே டாக்டர்கிட்ட போங்க, மாத்திரையை நீங்களா குறைக்காதீங்க.