சம்பளம் தராத கிளப்பை விட்டு விலகினால் தடை வருமா?

கேள்வி: எனக்கு வயது 31. நான் கால்பந்தில் நடுக்கள ஆட்டக்காரன். இதுவரை ஏழு கிளப்புகளில் ஆடியிருக்கிறேன். எல்லாமே இரண்டாம், மூன்றாம் பிரிவு லீக் அணிகள். இந்த சீசனின் தொடக்கத்தில் பழைய கிளப்புக்கு இரண்டு லீக் ஆட்டங்கள் ஆடிவிட்டு, வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் முடிந்துவிட்டது. கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கேட்டதிலிருந்து என்னை அணியோடு சேர்க்காமல் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதிக் கொடுத்தால் விடுவிப்பதாக மேலாளர் சொல்கிறார். போஸ்மான் தீர்ப்பு இருப்பதால் உடனே கிளம்பலாம் என்கிறார் என் ஏஜெண்ட். வேறொரு அணியும் அழைக்கிறது. தவிர, முன்பு ஆடிய இன்னொரு வெளிநாட்டுக் கிளப் எனக்கு இரண்டு மாதச் சம்பளம் தர வேண்டும். தவணை கடந்து 20 மாதம் ஆகிறது. அந்தக் கிளப்பை மூடிவிட்டு, அதே மைதானத்தில் புதுப்பெயரில் நடத்துகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் விலகலாம். ஆனால் இன்று கிளம்பக் கூடாது. எழுத்துமூல நோட்டீஸ் முதலில் போக வேண்டும், அதில் தரும் கெடு முடிய வேண்டும், அதன் பிறகுதான் ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம், அதற்கும் பிறகுதான் நீங்கள் புறப்படுவது. இந்த வரிசை மாறினால், நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் இருந்தாலும் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடக்கூடும்.

உங்கள் ஏஜெண்ட் சொல்லும் போஸ்மான் தீர்ப்பு உங்களுக்குப் பொருந்தாது. பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ழான் மார்க் போஸ்மானும் உங்களைப் போல ஒரு நடுக்கள ஆட்டக்காரர்தான். பிரான்சின் இரண்டாம் பிரிவு அணியான டன்கர்க்குக்குப் போக விரும்பியவர். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகச் சொன்னது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் இடமாற்றத் தொகை கேட்டு வீரரைப் பழைய கிளப் தடுக்க முடியாது என்பதே. உங்கள் ஒப்பந்தத்தில் இன்னும் 18 மாதங்கள் மீதமுள்ளன. காரணம் காட்டாமல் நீங்கள் வெளியேறினால், 28 வயதுக்குப் பின் கையெழுத்தான ஒப்பந்தம் என்பதால் அதன் முதல் இரண்டு சீசன்களோ இரண்டு ஆண்டுகளோ, எது முதலில் முடிகிறதோ அதுவரை நீடிக்கும் பாதுகாப்புக் காலத்துக்குள் மீறியவராகக் கருதப்பட்டு, இழப்பீட்டோடு நான்கு மாத ஆட்டத் தடையையும் சந்திக்க நேரிடும். 31 வயதில், அடுத்த ஒப்பந்தத்தை நம்பி வாழும் ஆட்டக்காரருக்கு நான்கு மாதம் என்பது சிறிய காலம் அல்ல.

உங்களுக்கு உதவுவது, வீரர்களின் தகுநிலை மற்றும் இடமாற்றம் குறித்த ஃபிஃபா விதிகளில் 2018 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள 14-பிஸ் என்னும் பிரிவு. குறைந்தது இரண்டு மாதச் சம்பளத்தை உரிய தேதியில் கிளப் முறைகேடாகத் தராமல் இருந்து, வீரர் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, முழுப் பாக்கியையும் தீர்க்கக் குறைந்தது 15 நாள் கெடு தந்தும் பணம் வரவில்லை என்றால், அவர் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் உண்டு என்று அந்தப் பிரிவு கூறுகிறது. உங்களுக்கு மூன்று மாதப் பாக்கி இருப்பதால் நோட்டீஸ் மட்டுமே மிச்சம். அதில் எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும், கெடு எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குள் முழுத் தொகையும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிப்பீர்கள் என்பதெல்லாம் ஐயமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள கிளப்பின் மின்னஞ்சலுக்கும், ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலிலும் அனுப்புங்கள். மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டதும் அவர் ‘அடுத்த வாரம்’ என்று பதில் போட்டதும் துணைச் சான்றாக உதவும், நோட்டீஸ் ஆகாது. கெடுவுக்குள் ஒரு மாதச் சம்பளத்தை மட்டும் போட்டாலும் மற்ற இரண்டு மாதம் பாக்கியாகவே நிற்கும். அந்த நேரத்தில் ‘நன்றி, மீதியை மெதுவாகத் தாருங்கள்’ என்பது போல எதையும் எழுதிவிடாதீர்கள். கெடு முடிந்தபின் முறிப்புக் கடிதத்தை மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதும் வழக்கை வலுவிழக்கச் செய்யும்.

சம்பளம் தர 30 நாள், 60 நாள் சலுகை உண்டு என்று கிளப்புகள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது வழக்கம். உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருந்தால் அஞ்ச வேண்டாம். வீரர் சங்கங்களுடன் முறையாகச் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் உள்ள சலுகையைத் தவிர, தனி ஒப்பந்தங்களில் உள்ள இத்தகைய சலுகைக் காலத்தை ஃபிஃபா விதிகள் ஏற்பதில்லை.

தனியாகப் பயிற்சி செய்யச் சொல்வதையும் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தை முறிக்கவோ அதன் நிபந்தனைகளை மாற்றவோ வைப்பதற்காக வீரரைத் துன்புறுத்தும் நடத்தையே ஒப்பந்தத்தை முறிக்க இன்னொரு தனிக் காரணம் ஆகும். ஆனால் அதை நிரூபிக்கும் வரை நீங்கள் ஒரு நாள்கூடப் பயிற்சிக்குப் போகாமல் இருக்கக் கூடாது. சொன்ன நேரத்துக்கு, சொன்ன இடத்துக்குப் போங்கள்; போனதைத் தேதியோடு குறித்து வையுங்கள்; முழு அணியோடு சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். வராமல் இருந்தார் என்ற ஒரு வரியைத்தான் கிளப்பின் வழக்கறிஞர் தேடிக்கொண்டிருப்பார்.

‘பாக்கி எதுவும் இல்லை’ என்ற காகிதத்தில் கையெழுத்திடாதீர்கள். என்னிடம் வரும் ஆட்டக்காரர்களில் பலர் ஒப்பந்தத்தைவிட இந்த ஒரு பக்கத்தால்தான் பணத்தை இழந்திருக்கிறார்கள். சமரசம் செய்வதில் தவறில்லை. தொகை, தவணைத் தேதி, தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எழுதப்பட்டு, பணம் கைக்கு வந்த பிறகே உரிமையைக் கைவிடும் வாசகம் செல்லுபடியாக வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் நீங்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று மாதப் பாக்கி எப்படியும் தனி. அதன் மேல், முறித்த நாளிலிருந்து ஒப்பந்தம் முடியும் வரையிலான சம்பளம் இழப்பீட்டின் அடிப்படை. அதே காலத்துக்குப் புதிய கிளப்பில் நீங்கள் பெறும் சம்பளம் அதில் கழிக்கப்படும். சம்பளப் பாக்கியால் முறிந்த ஒப்பந்தம் என்பதால் மூன்று மாதச் சம்பளம் கூடுதலாகச் சேரும். மொத்த இழப்பீடு எஞ்சிய ஒப்பந்த மதிப்பைத் தாண்டாது. புதிய கிளப் பாதிச் சம்பளம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 18 மாதத்தில் 9 மாத மதிப்பு கழிந்து 9 மிஞ்சும், 3 சேர்ந்து 12 ஆகும், பாக்கியோடு 15 மாதச் சம்பளம் கோரலாம். இதனால் வேலை தேடாமல் சும்மா இருந்தால் அதிகம் கிடைக்கும் என்று சிலர் நினைப்பதுண்டு. உங்கள் வயதில் ஆடாத ஆண்டின் விலையை எந்தத் தீர்ப்பாயமும் ஈடு செய்யாது.

அழைக்கும் அணியைப் பற்றி ஒரு கவலை எனக்கு இருக்கிறது. ஒரு சீசனில் மூன்று கிளப்புகளில் வரை பதிவு செய்யலாம். அதிகாரபூர்வ ஆட்டங்களில் இரண்டு கிளப்புகளுக்கு மட்டுமே ஆடலாம் என்பது பொது விதி. பழைய கிளப்புக்கு இரண்டு லீக் ஆட்டங்கள் ஆடியிருக்கிறீர்கள். இப்போதைய கிளப்புக்கும் ஆடியிருந்தால், புதிய அணி உங்களைப் பதிவு செய்தாலும் இந்த சீசன் முடியும் வரை களமிறக்க முடியாமல் போகலாம். வேறு வேறு காலங்களில் சீசன் நடத்தும் நாடுகளுக்கிடையே போகும்போது மூன்றாவது கிளப்புக்கும் ஆட விலக்கு உண்டு. அந்த நாட்டின் சீசன் எப்போது தொடங்குகிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வேறு நாட்டில் பதிவு செய்யத் தேவையான சர்வதேச இடமாற்றச் சான்றிதழைப் பிடித்து வைத்துப் பழைய கிளப் மிரட்டுவது முன்பு எளிதாக இருந்தது. லசானா டியாரா வழக்கில் (அவரும் நடுக்கள ஆட்டக்காரரே) ஐரோப்பிய நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று அளித்த தீர்ப்புக்குப் பின், 2025 தொடக்கத்திலிருந்து ஃபிஃபா அந்த விதிகளை மாற்றியமைத்து அந்த வழியைக் குறுக்கியிருக்கிறது.

இனி, மூடப்பட்ட முந்தைய வெளிநாட்டுக் கிளப்பின் பாக்கி. உங்கள் கேள்வியில் மிகவும் அவசரமானது இதுதான், ஆனால் நீங்கள் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். கோரிக்கைக்கு வித்திட்ட நிகழ்விலிருந்து இரண்டு ஆண்டுகள் கடந்த வழக்கை ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்வதில்லை. 20 மாதம் போய்விட்டது, மீதம் நான்கு. நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டிருப்பதால் அந்தக் காலம் நின்றுவிடும் என்று எண்ண வேண்டாம். மனுவையே தாக்கல் செய்யுங்கள். புதுப்பெயர் கிளப், பழைய கிளப்பின் விளையாட்டு வாரிசு என்று கருதப்பட்டால் பழைய கடனுக்கு அதுவே பொறுப்பாகும். தலைமையிடம், பெயர், அணியின் நிறங்கள், வீரர்கள், உரிமையாளர்கள், ஆடும் பிரிவு ஆகியவற்றை வைத்து இது முடிவாகும். அதே மைதானம் ஒரு நல்ல தொடக்கம். பழைய கிளப் திவால் நடவடிக்கைக்குள் போயிருந்தால் அங்கும் உங்கள் தொகையைக் கோரிப் பதிவு செய்யுங்கள். அதைச் செய்யாமல் வாரிசைப் பிடிக்க வந்தவர்களை, அலட்சியமாக இருந்தார்கள் என்று லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் திருப்பி அனுப்பியிருக்கிறது.

வீரருக்கும் கிளப்புக்கும் இடையிலான வழக்கில் கால்பந்துத் தீர்ப்பாயம் கட்டணம் வாங்குவதில்லை. நீங்கள் ஒரு நாட்டவர், கிளப் வேறு நாட்டில் உள்ளது என்பதால் அங்கு போகும் தகுதி உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் வேறு மன்றத்தைத் தெளிவாகக் குறித்த வரி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இரண்டு ஒப்பந்தங்களின் எல்லாப் பக்கங்களையும், கடைசி ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தையும், மேலாளரின் செய்திகளையும் இந்த வாரமே அனுப்பி வையுங்கள். மூடப்பட்ட கிளப்பின் பாக்கிக்கான மனுவும் இப்போதைய கிளப்புக்கான நோட்டீஸும் ஒரே நாளில் போகட்டும்.