சம்மதித்தவர்களில் பெண் எங்கே?

கேள்வி: பெண்ணுக்கு 17 முடிந்துவிட்டது, இரு வீட்டாருக்கும் சம்மதம், ஊரே வந்து வாழ்த்துகிறது. இதைக் குற்றம் என்கிறார்கள். மக்களின் ஒழுக்கத்தோடு ஒட்டாதது சட்டமாகுமா? – ஒரு வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: சம்மதித்தவர்களை எண்ணுங்கள்: பெற்றோர், சம்பந்தி வீட்டார், ஊர்ப் பெரியவர்கள். பெண்ணைக் கேட்டதாக ஒரு வரிகூட எழுதவில்லையே.

சட்டமாகுமா என்றால், ஆகும். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை 2006-ல் நாடாளுமன்றம் இயற்றியது; ஊர் ஒப்பாததால் அது செல்லாமல் போகாது. அது நியாயமானதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதே ஆக்ஸ்ஃபோர்டு சட்டத் தத்துவப் பேராசிரியர் ஹார்ட்டின் வாதம். சமூகத்தைக் கட்டிவைத்திருப்பது பொது ஒழுக்கம், அதைச் சட்டம் காக்கலாம் என்று 1959-ல் இங்கிலாந்து நீதிபதி டெவ்லின் பேசினார். ஹார்ட் மறுத்தார்: நடப்பிலுள்ள ஒழுக்கம் ஒன்று, அதையே உரைத்துப் பார்க்கும் அறம் இன்னொன்று. பலர் ஒப்பியதால் முதலாவது இரண்டாவதாகிவிடாது. நீங்கள் சொல்வது முதலாவது.

இந்தச் சட்டமும் அறத்தை முழுதாகச் சுமக்கவில்லை. நடத்தி வைப்பவருக்கும், மணக்கும் 18 வயது கடந்த ஆணுக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் கடத்தலோ ஏமாற்றோ இல்லையென்றால் திருமணம் செல்லும்! பிரிவு 3-ன்படி அந்தப் பெண்ணே மாவட்ட நீதிமன்றத்தில் ரத்து கேட்க வேண்டும், 20 வயது நிறைவதற்குள். அடியோடு செல்லாது என்றால் ஜீவனாம்சமும் பிள்ளைகளின் உரிமையும் போய்விடும் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடி எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் கதை வேறு: கர்நாடகம் 2017-ல் திருத்தி, அங்கே இது தொடக்கம் முதலே செல்லாது என்றாக்கியது. எல்லைக்கு இருபுறமும் ஒரே வழக்கம், ஒரே அநீதி, சட்டம் இரண்டு. கர்நாடக வழியே சரி என்பேன், ஜீவனாம்சத்தைத் தெளிவாக எழுதிவைத்தால். வழக்குப் போடும் சுமையைச் சிறுமியின் தலையில் ஏற்றுவது கொடுமை.

ஒரு பிழை இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. தகவல் வந்து அதிகாரிகள் நிறுத்துவார்கள், 18 வயதுக்கு முன் மணம் முடிக்க மாட்டோம் என்று பெற்றோர் எழுதிக் கொடுப்பார்கள், சில நாளில் வேறு ஊர்க் கோயிலில் தாலி ஏறிவிடும். எழுதிக் கொடுத்த தாளுக்கு அந்தத் தாலியைச் செல்லாததாக்கும் வலு இல்லை. பிரிவு 13-ன்படி நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கினால், அதை மீறி நடக்கும் திருமணம் தானாகவே செல்லாது. அவசரமென்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தகவல் அறிந்த எவரும் மனு செய்யலாம், குழந்தைகள் உதவி எண் 1098-லும் சொல்லலாம். நீங்கள் எழுதியது தெரிந்த வீட்டைப் பற்றியென்றால், பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த தேதியோடு இன்றே செய்யுங்கள்.