டூலாக் ஏரிக்கரையில் செத்தவர்கள்

வணக்கம் ஐயா,
அயர்லாந்துப் பஞ்சம் பற்றிய உங்கள் கட்டுரையில் டூலாக் ஏரிக்கரைச் சாவுகளைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தேடிப் படித்தேன். அன்று செய்தித்தாளுக்கு வந்த கடிதத்தில் செத்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஊர்க்கதையோ நூற்றுக்கணக்கில் என்கிறது. இதை எப்படி நம்புவது?
ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

எண்ணிக்கைக்கு ஊர்க்கதையை நம்ப வேண்டாம். ஆனால் அதில் வேறொன்று இருக்கிறது.

1849 மார்ச் இறுதி. மேயோ மாவட்டம் லூயிஸ்பர்க்கில் நிவாரணம் வாங்கிவந்த ஏழைகளைப் பரிசோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். அங்கேயே பார்க்காமல், சுமார் 19 கிலோமீட்டர் தள்ளியிருந்த டெல்ஃபி மாளிகைக்கு மறுநாள் காலை வரச் சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் நிவாரணம் கிடையாது. பட்டினி கிடந்தவர்கள் டூலாக் ஏரிக்கரை வழியாகக் குளிரில் நடந்தார்கள். வழியிலேயே விழுந்து செத்தவர்கள் உண்டு. ஊர்க்கதை இதோடு ஒன்றைச் சேர்க்கிறது: இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், முடிக்கும்வரை காக்கவைத்து, வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் பசித்தவன் வாசலில் நிற்க, உள்ளே யார் சாப்பிட்டார்கள் என்பதை அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக விடாமல் சொல்லிவந்திருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியம்.

ஊர் நினைவில் நான் சந்தேகப்படுவது அதன் மௌனங்களை. 1937 முதல் 1939 வரை பள்ளிக் குழந்தைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பழங்கதைகளை எழுதினார்கள். 1945இல் அயர்லாந்து நாட்டாரியல் ஆணையம் பஞ்சத்தைப் பற்றியே தனியாகக் கேள்விகள் அனுப்பிப் பதில்களைத் திரட்டியது. இவற்றில் 'எங்கள் பக்கம் அவ்வளவு மோசமில்லை, மற்ற ஊர்களில்தான்' என்ற தொனி அடிக்கடி வருகிறது. சுமார் பத்து லட்சம் பேர் செத்த நாட்டில்! குடும்பத்தோடு அழிந்தவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை. சொன்னவர்கள் எல்லாம் பிழைத்தவர்களின் வாரிசுகள். துரத்தப்பட்ட அண்டைவீட்டுக்காரனின் நிலம் சிலர் கைக்கு வந்திருந்தது. அதைப் பேரனிடம் யார் சொல்வார்கள்? ஆனால் புராட்டஸ்டண்ட் மிஷனரிகள் சிலர் கொடுத்த சூப்புக்காகக் கத்தோலிக்கத்தை விட்டு மதம் மாறிய குடும்பம் எது என்பதை மட்டும் நெடுங்காலம் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைக்குக் கஞ்சி வேண்டி மாறியவளை இப்படி நினைவில் வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்தப் பள்ளிக் குறிப்பேடுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மேயோவிலிருந்து தொடங்குங்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று தேடும்போதே, கதையில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.