விபத்தில் உடைந்த பல்: இன்சூரன்ஸ் மறுத்தால் என்ன வழி?

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்ததில் தாடை எலும்பு முறிந்து, முன்பற்கள் இரண்டு உடைந்தன. 2 நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்த பில்லை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிட்டது. 3 வாரம் கழித்து கிளினிக்கில் வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட செலவை மட்டும், ‘பல் சிகிச்சைக்கு பாலிசியில் இடமில்லை’ என்று மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: பாலிசியில் பல் சிகிச்சை பற்றிய விலக்கை (எதற்குப் பணம் கிடைக்காது என்று சொல்லும் பகுதியை) கடைசி வரி வரை படியுங்கள். ‘விபத்துக் காயத்தால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் தவிர’ என்பதுபோல ஒரு வாசகம் பல பாலிசிகளில் அதோடு ஒட்டியிருக்கும். மறுப்புக் கடிதத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும். உங்கள் உரிமை இரண்டாம் பாதியில் இருக்கிறது.

அடுத்து, டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு பற்றிய பிரிவைப் பாருங்கள். எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஆரோக்கிய சஞ்சீவனி மருத்துவ பாலிசியில் இதற்கு 60 நாள். மற்ற பாலிசிகளில் கூடக்குறைய இருக்கும். எந்தக் காயத்துக்காக அட்மிட் ஆனீர்களோ, அதற்கான தொடர் சிகிச்சைதான் இது என்று நிரூபித்துவிட்டால், கிளினிக்கில் ஓபி-யாகச் செய்தது என்ற காரணம் நிற்காது.

சிக்கல் வருவது ஆவணத்தில்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் தாடை முறிவு மட்டும் இருக்கும். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. உங்களுடையதும் அப்படியென்றால், விபத்தன்று மருத்துவமனையில் பதிந்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பியையும், அப்போது எடுத்த எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் அறிக்கையையும் வாங்குங்கள். பல் டாக்டரிடம் தனியாக ஒரு சான்று கேளுங்கள். எந்தெந்தப் பல் என்று 11, 21 (மேல்வரிசையின் நடு முன்பற்கள் இரண்டு) என எண்ணோடு, எவ்வளவு உடைந்தது, நரம்பு வெளியே தெரிந்ததா, பழைய சொத்தை ஏதும் இருந்ததா, காயத்துக்குக் காரணம் விபத்துதானா என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பில்லில் வெறுமனே ‘கேப்’ என்றிருந்தால் அழகு சிகிச்சை என்று தட்டிக்கழிப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குகளில் அழகு சிகிச்சைக்கான 08-ம் எண்ணிலேயே, விபத்துக்குப் பிந்தைய சீரமைப்புக்கு விதிவிலக்கு இருக்கிறது. பதில் கடிதத்தில் அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இம்பிளான்ட் (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) என்றால் வழி கடினம். எலும்போடு அது சேரவே சில மாதம் பிடிப்பதால் நாள் கணக்கு தாண்டிவிடும். பல பாலிசிகளில் தனி விலக்கும் உண்டு. நீங்கள் வேர் சிகிச்சையோடு நின்றது உங்களுக்குச் சாதகம்.

இப்போது கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள், க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் தந்ததா என்று கேளுங்கள். 2024-ல் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி இரண்டும் கட்டாயம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, மறுபடி மறுத்தாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அது கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

நுகர்வோர் ஆணையத்துக்கான கெடு 2 ஆண்டு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆனால் அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் புகாரை ஏற்கமாட்டார். ஆகவே முதலில் ஆம்புட்ஸ்மேன், அங்கே சரிவரவில்லை என்றால் ஆணையம். நடுவில் கம்பெனி ஒரு பகுதித் தொகையை நீட்டி, ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள்.