இங்கிலாந்தில் நண்பரின் காரை இரண்டு நாள் ஓட்ட, என் சொந்தக் காரின் இன்சூரன்ஸ் போதுமா?

பெரும்பாலும் போதாது. "என்னுடையது ஃபுல்லி காம்ப்ரிஹென்சிவ்தானே" (நம் காரின் சேதத்துக்கும் சேர்த்துப் பணம் தரும் பாலிசி) என்று கேட்டிருக்கிறீர்கள், அந்த நம்பிக்கையில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

நம் ஊரில் இன்சூரன்ஸ் வண்டியோடு போகும். சொந்தக்காரர் சம்மதம் கொடுத்து, செல்லுபடியாகும் லைசென்ஸும் இருந்தால் யார் ஓட்டினாலும் தர்ட் பார்ட்டி பாதுகாப்பு, அதாவது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பாதுகாப்பு உண்டு, அதனால் சித்தப்பா காரை எடுத்துக்கொண்டு திருப்பதி போய்வருகிறவன் பாலிசியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இங்கே பாலிசி என்பது பொதுவாக இன்ன வண்டி, இன்ன ஆள் என்று இரண்டையும் சேர்த்துப் போடுவது. உங்கள் பெயர் இல்லாத பாலிசியை நம்பி நீங்கள் ஸ்டியரிங் பிடித்தால், சட்டப்படி அது இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் ஆகும்.

சில பாலிசிகளில் 'பிறர் காரை ஓட்டலாம்' என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று பார்க்க, அந்த நீளமான புத்தகத்தை விட்டுவிட்டு சர்ட்டிபிகேட்டை எடுங்கள், யார் யார் ஓட்டலாம் என்ற பகுதியில் இருக்கும். இருந்தாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். அது வழக்கமாக தர்ட் பார்ட்டி மட்டும்தான், பாலிசிதாரருக்கு மட்டும்தான் (உங்கள் மனைவிக்குச் செல்லாது), 25 வயதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கிடைக்காது. நண்பரின் காரை எங்காவது இடித்து நசுக்கினால் அதைச் சரிசெய்ய ஒரு பென்னி வராது.

மாட்டினால் என்ன ஆகும்? 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் பாயிண்ட், காரையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போகலாம். கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பே இல்லை. இங்கே டெஸ்ட் பாஸ் செய்து 2 வருடம் ஆகாதவர் என்றால் அந்த 6 பாயிண்டிலேயே லைசென்ஸ் ரத்து, மறுபடியும் முதலிலிருந்து தியரி, பிராக்டிகல். அப்புறம், ஓட்டக் கொடுத்த நண்பர் மீதும் வழக்கு வரலாம், ஏனென்றால் இன்சூரன்ஸ் இல்லாதவரை ஓட்ட விடுவதும் குற்றம்தான். உதவி செய்தவருக்கு இதைவிட மோசமான கைம்மாறு உண்டா?

சரி, வழி என்ன. நண்பர் தன் பாலிசியில் உங்கள் பெயரை கொஞ்ச நாளைக்குச் சேர்க்கலாம், ஆனால் நீங்கள் இடித்தால் அவருடைய நோ கிளெயிம்ஸ் போனஸ் (கிளெயிம் செய்யாமல் இருந்ததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) அடிபடலாம். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். உங்கள் பெயரில் தனியாகத் தற்காலிக பாலிசி எடுங்கள். 1 மணி நேரத்திலிருந்து 28 நாள் வரை ஆன்லைனில் கிடைக்கிறது, பொதுவாக நண்பரின் போனஸில் கை வைக்காது. நம்பர் பிளேட், லைசென்ஸ் எண், காரின் மதிப்பு, உங்கள் வேலை, பழைய கிளெயிம்கள் என்று கேட்பார்கள், எல்லாவற்றிலும் உண்மையைப் போடுங்கள். எக்ஸஸ் (கிளெயிம் வந்தால் நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை) எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன் பாருங்கள், விலை மலிவாக இருக்கும் இடத்தில் அது கொழுத்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் என்று வருகிறவர்களுக்கு இங்கே 'கோஸ்ட் புரோக்கர்' என்று பெயர், கையில் வருவது வெறும் காகிதம்.

நேரத்தைத் தாராளமாகப் போடுங்கள், இது நான் பட்டது. அம்மா அப்பா சென்னையிலிருந்து வந்தபோது, அவர்கள் பெட்டிகள் என் சின்னக் காரில் ஏறாது என்று வாட்ஃபோர்டில் இருக்கும் நண்பனின் ஏழு சீட்டர் காரை இரவல் வாங்கினேன். முதல் நாள் மாலை 6 மணிக்குச் சாவி வாங்கி, அப்போதிலிருந்து 24 மணி நேரத்துக்கு பாலிசி போட்டேன். மறுநாள் ஹீத்ரோவில் அவர்கள் வெளியே வரவே 1 மணி, கேம்பிரிட்ஜில் வீடு சேர 3. காரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினால், "கொண்டு வந்த காபித்தூளைப் பிரித்துவிட்டேன், ஒரு வாய் குடித்துவிட்டுப் போ" என்றார் அம்மா. குடித்தேன். லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 நெடுஞ்சாலையில் ஏறியதும் நெரிசல், டாஷ்போர்டில் 5:20, முன்னால் சிவப்பு விளக்குகள் அசையவே இல்லை. 6 அடித்தால் நடுரோட்டில் நான் இன்சூரன்ஸ் இல்லாத டிரைவர்.

5:48-க்கு சவுத் மிம்ஸ் சர்வீஸில் (நெடுஞ்சாலை ஓய்விடம்) ஒதுங்கி, காரை நிறுத்தி, போனில் 6 மணியிலிருந்து இன்னொரு 2 மணி நேரம் வாங்கினேன். பழைய பாலிசியை நீட்டிக்க முடியவில்லை, புதிதாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அந்த 2 மணி நேரத்துக்குக் கொடுத்த காசை முதலிலேயே சேர்த்துப் போட்டிருந்தால் இரண்டு நாளைக்கே கிடைத்திருக்கும் என்று நண்பன் இன்றும் சொல்லிக்காட்டுகிறான்.