கூத்து ஜமா நடத்துவது எப்படி? கேள்வி பதில்

வடாற்காடு பக்கம் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, நடத்துறவன் நான். தெரிஞ்சதைச் சொல்றேன், கேளுங்க.

ஐயா, ஊர்ல பசங்க ஆடத் தயாரா இருக்காங்க. முதல்ல என்ன வாங்கணும்?

ஒண்ணும் வாங்காதீங்க தம்பி. மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை (நாதஸ்வரம் மாதிரி ஊதுற சின்னக் குழல்) மூணுக்கும் நிலையான ஆளைப் பிடிங்க. வேஷக்காரர் ஒருத்தர் வரலைன்னா இன்னொருத்தர் கட்டிக்கலாம். முகவீணை வரலைன்னா அன்னிக்குப் பாட்டே மொட்டையா நிக்கும். அடுத்தது, பெஞ்சு ஓரம் நின்னு ராத்திரி பூரா பின்பாட்டுப் பாடுற தொண்டை. கிரீடம், தோள்ல கட்டுற புஜக்கட்டை மாதிரி மர அணியெல்லாம் முதல் வருஷம் வாடகைக்கு எடுங்க.

நடிகருக்கு முன்பணம் கொடுத்தே ஆகணுமா?

ஆகணும். மழை மாசத்துல கூத்து கிடையாது, வீட்டுல அடுப்பு எரியணும். ஆனா கொடுத்ததை நோட்டுல எழுதி, அவர் முன்னாடியே படிச்சுக் காட்டி, கையெழுத்து வாங்குங்க. வேற ஜமாவுல இருந்து ஒருத்தர் வந்தா, அங்க இருக்கிற பாக்கியைத் தீர்த்துட்டுத்தான் சேர்க்கணும். இதை விட்டதால சித்திரை மாசம் நடுவுல உடைஞ்ச ஜமாக்களைப் பார்த்திருக்கேன்.

கட்டை, டிரஸ் எங்க வாங்கலாம் அண்ணே?

மேலே சொல்லியிருக்கேன். முதல்ல முகவீணை.

விடிய விடிய எதுக்கு? ரெண்டு மணி நேரமாச் சுருக்கினா டவுன்லயும் கூப்பிடுவாங்களே?

டவுன் மேடைக்குச் சுருக்குங்க, தப்பில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுல கை வைக்காதீங்க. அர்ச்சுனன் தபசு கூத்துல விடியுற நேரம் அர்ச்சுனன் வேஷக்காரர் தபசு மரம்ங்கிற உயரமான கம்பத்துல ஏறணும். மேலே இருந்து விழுற எலுமிச்சம்பழத்துக்குக் குழந்தை வரம் கேக்குற பொண்ணுங்க ஈரப் புடவையோட கீழே காத்திருப்பாங்க. பதினெட்டாம் போர் ஆடின மறுநாள் படுகளம். மண்ணுல பெருசாப் படுக்க வெச்ச துரியோதனன்கிட்ட வந்துதான் பாஞ்சாலி கூந்தல் முடியணும். கோயில் சடங்கும் கூத்தும் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சது. எதை வெட்டுவீங்க?

பத்து மணிக்கு மேல போலீஸ் மைக்கை நிறுத்தச் சொல்றாங்களே?

2000-ஆம் வருஷ ஒலி மாசு விதிப்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு 12 மணி வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல இல்லை. அனுமதி வாங்குறது விழாக் குழு வேலைன்னு முதல்லயே பேசிக்கங்க. மைக் நின்னாலும் முழுப் பணம்னும் பேசிக்கங்க.

மைக் இல்லாம யாருக்குக் கேக்கும்? இந்தக் காலத்துல நடக்காது.

ஏன் நடக்காது? மைக் வர்றதுக்கு முன்னாடியும் ராத்திரி பூரா கூத்து நடந்துதுதான். மைக் என்ன பண்ணிச்சுன்னு பாருங்க. கர்ணன் திரைக்குப் பின்னாடி விருத்தம் பாடிட்டு வெளியே வர்றார். சலங்கை கட்டின கால் களத்தைச் சுத்திச் சுழலணும். தொங்குற மைக்குக்குக் கீழே போய் நின்னுடறார். கை மட்டும் ஆடுது. ஓரத்துல உக்காந்தவங்க அவர் முதுகைத்தான் பாக்குறாங்க.

அதுக்கு சட்டையில குத்துற மைக் இருக்கே வாத்தியாரே?

மார்ப்பதக்கமும் புஜக்கட்டையும் உரசுற சத்தம்தான் அதுல கேக்கும். நடிகரை மைக்குக்குத் தகுந்த மாதிரி நிறுத்தாதீங்க. ஆட்களைக் கிட்ட உக்கார வைங்க, களத்தைச் சின்னதாக்குங்க. ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்க, அதுலயே பாதி கேக்கும்.

பெண்களைச் சேர்க்கலாமா?

தாராளமா. காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்து சங்கம் 2002-ல தொடங்கின குருகுலத்துல பெண் பிள்ளைகளும் கத்துக்கிட்டு ராஜ வேஷம் கட்டினாங்க. வேஷம் கட்டத் தனி இடம், விடிஞ்சதும் வீடு சேர வண்டி, ரெண்டையும் பேசிட்டு ஆட்டத்துக்கு ஒத்துக்கங்க.

நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை எப்படி வாங்குறது?

உங்க மண்டல கலை பண்பாட்டு மையத்துல கேளுங்க.

டிரஸ் செட் என்ன விலை வரும்?

முகவீணைக்காரர் கிடைச்சாரா? கிடைச்சதும் கேளுங்க, சொல்றேன்.

எங்க ஊர்ல பத்து நாள் பாரதம். எப்போ ஜமா பேசணும்?

தை மாசமே வெற்றிலை பாக்கோட வாங்க. பங்குனி, சித்திரைல ஆள் கிடைக்காது. எந்த ராத்திரி எந்தக் கூத்துன்னு எழுதிக் கொண்டு வாங்க. பாரதம் படிக்கிறவர்கிட்டயும் அதைக் காட்டிடுங்க. பகல்ல அவர் சொல்ற கதையும் ராத்திரி நாங்க ஆடுறதும் ஒத்துப் போகணும்.